சாமி படமும் பூந்தொட்டியும்: பாட்டியிடம் படித்த பாடம்

இந்த மாதப் பாடத்துக்குப் புத்தகம் வேண்டாம். உங்கள் வீட்டுச் சாமி மேடைக்கு முன்னால் போய் உட்காருங்கள். அங்கே லட்சுமி படம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். சரஸ்வதி, பிள்ளையார், முருகன், சிவன் குடும்பம் எல்லாம் இருக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற படங்கள்தான். இப்போது கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லுங்கள். லட்சுமியின் கையில் எத்தனை தாமரை? உங்கள் வீட்டுச் சரஸ்வதியின் பக்கத்தில் இருப்பது அன்னமா, மயிலா? சிவனுக்கு உரிய மஞ்சள் பூ எது?

பல்கலைக்கழகத்தில் என்னோடு படிக்கும் நண்பர்கள் நான்கு பேரிடம் இதையே கேட்டுப் பார்த்தேன். மூன்றாவது கேள்வியில் நாலு பேரும் அவுட். ஒருத்தர் மட்டும் "மாலையில கட்டுவாங்களே, அந்தச் சாமந்தியா?" என்றார். சாமந்தி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அது சுவாரசியமான கதை.

விடை கொன்றைப் பூ. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் ஔவையாரின் 'கொன்றை வேந்தன்' மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்தப் பெயரே கொன்றை மாலை சூடிய சிவனைக் குறிப்பதுதான். நூலின் பெயர் நமக்குத் தெரியும், மரம் தெரியாது. வடக்கே கெடா பக்கம் வறட்சி முடியும் நேரத்தில் சாலையோரத்தில் சரம் சரமாகத் தொங்கும் மஞ்சள் பூ மரத்தைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் சரக்கொன்றை.

எங்கள் பாட்டிக்கு இது எல்லாம் கேள்வியே இல்லை. சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமானில் இருக்காங்க, வயது 78. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. லயத்து வீட்டை விட்டு வந்தபோது அவங்க கொண்டுவந்தது முக்கியமாக இரண்டு: துணியில் சுற்றிய சாமி படங்கள், மைலோ டின்களில் வைத்த செடிக் கொம்புகள். "ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லன்னா எப்படிய்யா? சாமிய வச்சுட்டு பூவுக்கு எங்க போறது?" என்பாங்க.

கொஞ்ச நாள் கூடவே இருந்து கவனித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். பாட்டி படத்தைப் பார்த்துத்தான் செடி நட்டிருக்காங்க. சாமி மேடையில் எந்தெந்த சாமியோ, முன்வாசலில் அந்தந்தச் செடி. பிள்ளையார் படத்துக்கு அருகம்புல்லும் எருக்கும். பெருமாளுக்குத் துளசி. சிவனுக்கு வில்வம், நந்தியாவட்டை. அம்மனுக்குச் செம்பருத்தி. முருகனுக்குச் செவ்வரளியும் வெட்சியும். வெட்சி என்றால் ஏதோ இலக்கியப் பூ என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்து வேலியிலும் ரவுண்டபவுட் நடுவிலும் சிவப்புக் கொத்தாகப் பூத்து நிற்கிறதே, நாம் சின்ன வயதில் காம்பைப் பிடுங்கித் தேன் உறிஞ்சுவோமே, அதே பூ. அதன் பெயரில் தொல்காப்பியப் புறத்திணையில் ஒரு திணையே இருக்கிறது.

ஒவ்வொரு செடிக்கும் பின்னால் ஒரு கதை, ஒவ்வொரு கதைக்கும் ஒரு படம். அருகம்புல் ஏன் பிள்ளையாருக்கு? அனலாசுரனை விழுங்கியதும் அவர் வயிறு தகித்தது, அருகம்புல் சாத்தியபோதுதான் சூடு தணிந்தது என்பது கதை. வில்வ இலை மூன்று மூன்றாக இருப்பதைச் சிவனின் மூன்று கண்ணாகவும் திரிசூலமாகவும் சொல்கிறோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தாழம்பூ கதை. அடிமுடி தேடிய கதை உங்களுக்குத் தெரியும். விஷ்ணு பன்றியாகக் கீழே தோண்டிப் போகிறார், பிரம்மா அன்னமாக மேலே பறக்கிறார். சிவன் தலையிலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூ, பிரம்மா முடியைப் பார்த்துவிட்டார் என்று பொய்ச்சாட்சி சொன்னது. அதனால் சிவ பூஜையில் தாழம்பூவுக்கு இடம் இல்லை. சிவன் கோயிலில் சுற்றி வரும்போது கருவறைப் பின்சுவரில் பாருங்கள், லிங்கோத்பவர் இருந்தால் மேலே அன்னமும் கீழே பன்றியும் இருக்கும். இதில் நம் ஊர்ச் செய்தி ஒன்று உண்டு. தாழையும், நாசி லெமாக்கில் போடும் பாண்டான் இலையும் ஒரே இனத்தைச் சேர்ந்த செடிகள். பாட்டியிடம் இதைச் சொன்னதும், "அப்ப இலை பொய் சொல்லலல்ல, சோத்துல போடலாம்" என்று முடித்துவிட்டாங்க.

சரி, பருவம். தமிழ் மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். பனி முடிந்து துளிர் வரும் வசந்தம் நமக்கு இங்கே கிடையாது, வருடம் முழுக்க வெயிலும் மழையும்தான். ஆனாலும் பாட்டிக்கு ஓர் இளவேனில் இருக்கிறது. கெடாவில் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறையும். தைப்பூசம் முடிந்த கையோடு மல்லிகையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவாங்க. பார்க்கவே பாவமாக இருக்கும். கழனித் தண்ணீரை ஊற்றி, தொட்டி மண்ணைக் கிளறிப் பழைய சாணி உரம் போடுவாங்க. மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு விடும். வெட்டினால்தான் துளிர். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு வரும்போது வீட்டுப் பூவே சாமிக்கு ஒரு முழம் கட்டும் அளவுக்கு வந்துவிடும். கடையில் புத்தாண்டு சமயத்தில் ஒரு முழம் என்ன விலை என்று அம்மாவைக் கேளுங்கள்.

பாட்டி கொண்டுவந்த படங்களில் கஜலட்சுமி படம் ஒன்று இருக்கிறது. காலண்டரிலிருந்து வெட்டி, கண்ணாடி போட்டது. கண்ணாடி போடுவதற்கு முன் சேலைக் கரையிலும் கிரீடத்திலும் சமிக்கி வைத்துத் தைத்திருக்காங்க. அந்தக் காலத்தில் நிறைய வீட்டுப் பெண்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரே மாதிரி அச்சடித்து வந்த படம், ஊசி நூல் பட்டதும் அந்த வீட்டுக்கே உரியதாகிவிடுகிறது. அருங்காட்சியகத்தில் வைக்கும் கலை இல்லைதான். அதற்காகக் கலை இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஒரு நாள் அந்தப் படத்தைத் துடைத்துக்கொண்டே பாட்டி சொன்னது: "ரெண்டு யானையும் என்னா செய்யுது பாரு. தண்ணி ஊத்துது. அதான் மழை. அவ நிக்கிறது தாமரையில. மழை இல்ல, செடி இல்லன்னா காசு எங்கேருந்து வரும்?" லட்சுமி கையிலிருந்து கொட்டும் தங்கக் காசை மட்டும்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். யானைகளை மேகமாகவும் அவை ஊற்றும் நீரை மழையாகவும் கொள்வது பழைய விளக்கம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பாட்டி படிக்கவில்லை, தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர் என்பதால் கண்ணில் பட்டிருக்கிறது.

இனி இந்தப் படங்கள் எப்படி நம் வீட்டுக்கு வந்தன என்று பார்ப்போம். நிறைய பேர் இவை ஆதி காலத்திலிருந்து இப்படியே இருக்கின்றன என்று நினைக்கிறோம். இல்லை. கடவுள் வடிவங்களும் அவர்கள் கையிலுள்ள ஆயுதங்களும் மிகப் பழையவை. ஆனால் தாளில் அச்சான, சேலை மடிப்பும் முகநிழலும் தெரிகிற இந்தப் படங்களுக்கு வயது சுமார் 130தான்.

கேரளத்தின் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா (1848–1906) ஐரோப்பிய எண்ணெய் ஓவிய முறையைக் கற்று நம் புராணக் காட்சிகளை வரைந்தார். அரண்மனைச் சுவரில் தொங்கும் ஓவியம் எல்லாருக்கும் போக வேண்டும் என்று 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். இயந்திரமும் தொழில்நுட்ப ஆளும் ஜெர்மனியிலிருந்து. முறைக்குக் கல்லச்சு என்று பெயர். பொறியியல் மாணவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைவார்கள். கல்லை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளும். பிறகு எண்ணெய் மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே விதிதான். ஒரு நிறத்துக்கு ஒரு கல். பல நிறம் வேண்டுமானால் பல கல், ஒவ்வொரு முறையும் தாள் இம்மியும் நகராமல் அதே இடத்தில் விழ வேண்டும். பழைய படங்களில் உதட்டுச் சிவப்பு கொஞ்சம் விலகித் தெரிந்தால், அது ஒரு கல் சரியாக உட்காததன் அடையாளம்.

தென்பகுதியில் இதை முன்னெடுத்தவர் கோவில்பட்டியின் சி. கொண்டையராஜு (1898–1976). நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். அவரும் அவர் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி ஊர் ஊராகப் போயின. சாமிக்குப் பின்னால் தூண், திரை, தூரத்தில் மலை, ஆறு என்று ஒரு மேடை மாதிரி இருக்கிறதே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? நாடக மேடையின் வாசனை அது.

இதை ஒரு கலைச் செய்தியாக மட்டும் நான் எழுதவில்லை. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936இல். சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் 1939இல். அதற்கு முன் நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் பெரிய கோயில்களின் வாசலைத் தாண்ட முடியாது. மலாயா தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. சில காசுக்கு வாங்கிய ஒரு தாள், யாரும் தடுக்க முடியாத கருவறையாக லயத்து வீட்டுச் சுவரில் இருந்தது. "காலண்டர் படம்தானே" என்று அலட்சியமாகச் சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சொல்லட்டும்.

இப்போது சாமந்திக்கு வருவோம். மாலையில் ஆரஞ்சாகவும் மஞ்சளாகவும் கட்டுகிறோமே, துலுக்கச் சாமந்தி, அதன் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். ஐரோப்பியர்கள் அமெரிக்காவுக்குப் போய் வந்த பிறகுதான் அது இந்தியாவுக்கே வந்தது. மெக்சிகோவில் இன்றும் முன்னோர் நினைவு நாளில் இதே பூவைத்தான் படைக்கிறார்கள். சிவனுக்குச் சாத்தும் மஞ்சள் அரளியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். அதைவிட ஆச்சரியம் நாகலிங்கப் பூ. உள்ளே லிங்கம், மேலே நாகம் குடை பிடிப்பது போன்ற அமைப்பு. சிவன் கோயில்களில் அவ்வளவு மரியாதையாக வளர்க்கும் அந்த மரம் தென்னமெரிக்கக் காட்டு மரம். சிங்கப்பூரில் இருப்பவர்கள் பூமலைக்குப் போனால் பார்க்கலாம். ஏதோ ஒரு கண், அந்நிய மரத்தின் பூவில் சிவனைப் பார்த்திருக்கிறது. அந்தப் பெயரும் நிலைத்துவிட்டது.

ஆக, ஜெர்மன் இயந்திரத்தில் அச்சான லட்சுமிக்கு மெக்சிகோ பூவில் மாலை. இதைக் கேட்டுச் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்குப் பெருமையாக இருக்கிறது. நம் சமயம் புதுச் செடியையும் புது இயந்திரத்தையும் கண்டு பயப்படவில்லை, வாங்கிச் சாமி காலடியில் வைத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டது. சிலர், "இங்க கோலாலம்பூர்ல பதினெட்டாவது மாடியில இருந்துகிட்டு என்னத்த நந்தவனம்?" என்று கேட்கிறார்கள். பாட்டி மைலோ டின்னில் ஆரம்பித்ததை நினைவில் வையுங்கள்.

மாடி வீட்டுக்காரர்கள் துளசியில் தொடங்குங்கள். ஐந்தாறு மணி நேர வெயில் படும் பால்கனி போதும். தொட்டியில் ஓட்டை அவசியம், மழையில் வேர் அழுகித்தான் முக்கால்வாசித் துளசி சாகிறது. கதிர் வந்தால் கிள்ளிவிடுங்கள். பாவம் என்று விட்டால் செடி விதை கட்டி முடித்துக் காய்ந்துவிடும். கிள்ளிய கதிரையே சாமிக்கு வைக்கலாம். அருகம்புல்லுக்கு ஆழமில்லாத தட்டு போதும், ஆனால் நாய் பூனை எட்டாத உயரத்தில். செம்பருத்தி கொம்பு நட்டாலே வரும். 1960இல் நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட புங்கா ராயா இதுதான். இதற்கு மாவுப்பூச்சி ஒரு தொல்லை, சோப்புத் தண்ணீரை இலைக்கு அடியில் தெளித்துக் கழுவினால் அடங்கும். சங்குப்பூ கொடியாக கிரில்லில் ஏறும். பாட்டி வீட்டுப் பக்கத்து மக்சிக் அதே பூவை நாசி கெராபுவுக்குக் கேட்டு வாங்கிப் போவாங்க. அவங்க வேலியில் இருக்கும் ஸ்ரீ காடிங் இங்கே வரும். ஸ்ரீ காடிங் என்பது நம் பவழமல்லி. ராத்திரி பூத்து விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும். கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்ற விதிக்கு அது மட்டும் விலக்கு.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, செவ்வரளியும் மஞ்சள் அரளியும் நஞ்சு. இலை, பூ, விதை எல்லாமே. குழந்தை இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள், பிரசாதத் தட்டில் போடாதீர்கள், பறித்தபின் கை கழுவுங்கள். எருக்கம்பால் கண்ணில் படவே கூடாது. இரண்டாவது, கொசு. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, பூ மிதக்க விடும் உருளி, கலசத் தண்ணீர், எதையும் ஒரு வாரம் அப்படியே விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழிலிருந்து பத்து நாள் போதும். சுகாதாரத் துறை வந்து அபராதம் எழுதுவது இருக்கட்டும், டிங்கியில் படுப்பது நாம்தானே. தாமரைத் தொட்டி வைத்தால் கப்பி மீன் நாலைந்து விடுங்கள்.

பாட்டி வீட்டு முன்வாசலைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதினால் பாதிதான் எழுதியதாகும். மாமாவின் இரண்டாவது காருக்கு இடம் இல்லை. முன்வாசல் முழுவதும் சிமெண்ட் போட்டுவிடலாம் என்று பேச்சு. மாமா கெட்டவர் இல்லை, சாலையோரம் நிறுத்திய காரை ஏற்கெனவே ஒருத்தர் இடித்துவிட்டுப் போயிருக்கிறார். பாட்டிக்கு முட்டி வலி, குனிந்து களை பிடுங்க முடிவதில்லை. தொட்டிகளைப் பின்பக்கம் மாற்றலாம். வில்வத்தை மாற்ற முடியாது. விதையிலிருந்து வளர்த்து, முள்ளோடு கூரை உயரம் நிற்கும் மரம் அது.

பாட்டி சண்டை போடவில்லை. "யாரு தண்ணி ஊத்துவீங்கன்னு சொல்லுங்க, அப்புறம் சிமெண்ட் பத்திப் பேசலாம்" என்று மட்டும் கேட்டாங்க. பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர் இருந்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். இப்போது வார நாட்களில் சுங்கைப் பட்டாணியிலேயே இருக்கும் என் தங்கை முறைப் பெண் ஊற்றுகிறாள். விடுமுறைக்குப் போகும்போது நான். வில்வத்தை விட்டுவிட்டு இரண்டு டயர் போகிற பாதைக்கு மட்டும் சிமெண்ட் போட்டால் என்ன செலவு என்று அளந்து, ஒரு வரைபடம் போட்டு மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

பழைய படங்கள் விஷயமும் ஒன்று. மங்கிப்போன, கண்ணாடி உடைந்த சாமி படங்களைச் சாலையோர மரத்தடியில் வைத்துவிட்டு வருகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மழையில் நனைந்து, நாய் படுத்து, கடைசியில் குப்பை லாரி அள்ளிக்கொண்டு போகிறது. ஆற்றில் போட்டால் கண்ணாடியும் ஆணியும் ஆற்றில். பாட்டி செய்வதைச் சொல்கிறேன். சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியையும் மரத்தையும் தனியாக எடுத்துவிடுவாங்க. தாளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கூழானதும் கால் படாத செடிக்கு அடியில் புதைப்பாங்க. பிளாஸ்டிக் பூச்சு உள்ள படம், பீங்கான் சிலை என்றால் இது நடக்காது. அவற்றைக் கோயிலில் விசாரித்து, வாங்கிக்கொள்வார்கள் என்று தெரிந்தபின் கொடுங்கள். சமிக்கி தைத்த கஜலட்சுமிக்கு மட்டும் இந்த விதி கிடையாது, அது எனக்கு என்று பாட்டி சொல்லியாகிவிட்டது. அக்காவுக்குக் கோபம்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது செய்து வர வேண்டியது: உங்கள் வீட்டுச் சாமி படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கையில் உள்ளவை, காலடியில் உள்ளவை, பின்னணியில் உள்ளவை என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். படத்தின் கீழ் மூலையில் ஓவியர் கையெழுத்தோ அச்சகத்தின் பெயரோ இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிறகு வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அந்தச் சாமிக்கு என்ன பூ என்று கேளுங்கள். அந்தச் செடியை உங்கள் தாமானில் தேடிப் பிடித்து, தமிழ்ப் பெயரோடு மலாய்ப் பெயரும் எழுதி, அனுமதி கேட்டு ஒரு கொம்பு வாங்கி வாருங்கள். டின் நான் கொண்டுவருகிறேன்.